காவலுக்கு எந்த நாய்? இராஜபாளையமா, சிப்பிப்பாறையா?

வரி, லாரி வாடகை, விலைவாசி என்று எழுதிவரும் நம் இதழில் நாயைப் பற்றி என்ன எழுத்து என்று எண்ண வேண்டாம். கடையும் கிட்டங்கியும் வைத்திருக்கும் நம்மில் பலரும் காவலுக்கு நாய் தேடுகிறோம். "அண்ணாச்சி, இராஜபாளையம் வாங்கலாமா, சிப்பிப்பாறை வாங்கலாமா?" என்று என் கடைக்கு வருபவர்களில் யாராவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். இரண்டையும் வளர்த்து, இரண்டிலும் நஷ்டப்பட்டவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

இரண்டு ஊரும் விருதுநகர் மாவட்டத்தில்தான் உள்ளன. கோவில்பட்டியிலிருந்து காலையில் கிளம்பினால் எந்த ஊருக்கும் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். கர்நாலில் உள்ள தேசிய விலங்கின மரபு வள நிறுவனம் இரண்டையும் தனித்தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாயினத் தபால் தலைகளில் இராஜபாளையமும் ஒன்று. ஆக, இரண்டுமே பெருமைக்குரியவைதான். ஆனால் இரண்டின் குணமும் வேறு, வேலையும் வேறு.

இராஜபாளையம் பால் வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, கனத்த எலும்பு, அகன்ற மார்பு கொண்டது. தன் எல்லையைக் காப்பதே அதன் பிறவிக் குணம். அந்நியரை எளிதில் நம்பாது. ஒரு எஜமானனையே பெரிதாகக் கொள்ளும். சுற்றுச்சுவர் உள்ள வீடு, தோட்டம், கிணற்றடி ஆகியவற்றுக்கு இதற்கு இணை கிடையாது.

சிப்பிப்பாறையோ ஒட்டிய வயிறு, நீண்ட முகம், மெல்லிய நீண்ட கால்கள் கொண்ட ஓட்டக்காரன். செம்பழுப்பு, சாம்பல், கறுப்பு எனப் பல நிறங்களில் வரும். கரிசல் காட்டில் முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்துவதற்கென்றே நம் முன்னோர் வளர்த்த இனம். (இன்று முயல் வேட்டை வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அந்த ஆசையில் யாரும் வாங்க வேண்டாம்.) குட்டையான மயிர் என்பதால் நம் வெயிலைத் தாங்கும். தீனியும் குறைவு. ஆனால் அதற்குத் தினமும் ஓட இடம் வேண்டும்.

இனி என் கதை. முதலில் வாங்கியது சிப்பிப்பாறை. டவுனுக்குள் இருக்கும் வீட்டில் மொட்டை மாடியில் சங்கிலி போட்டுக் கட்டினேன். அது ஊளையிட்டது, செருப்பைக் கடித்தது, கதவைப் பிறாண்டியது. ஒரு நாள் வாசல் கதவு திறந்திருந்த நேரம் பூனையைக் கண்டு பாய்ந்தது. கூப்பிட்டால் திரும்பும் இனமில்லை, கண்ணில் பட்டதை விரட்டும் இனம். லாரியில் அடிபட்டு இறந்தது. என் பேத்தி இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அடுத்து இராஜபாளையம். கிட்டங்கி வாசலில் குட்டியிலிருந்தே இரவு பகலாகக் கட்டிப் போட்டேன். நாள் முழுதும் சுமைதூக்கும் தொழிலாளர்கள் மூட்டையோடு குறுக்கே போய் வரும் இடம் அது. வருவோர் போவோரையெல்லாம் பார்த்துக் குரைத்துக் குரைத்தே வெறி ஏறிய அந்த நாய், ஒரு நாள் ஒருவரின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. வைத்தியச் செலவும், வேலைக்கு வராத நாட்களின் கூலியும் நான் கொடுத்தேன். ஆனாலும் அவர் இன்றும் என் கிட்டங்கிப் படி ஏறுமுன் ஒரு நிமிடம் நின்று பார்க்கிறார். பிழை நாயுடையது அல்ல, கட்டிப் போட்ட என்னுடையது.

ஆகவே நாயைப் பார்க்குமுன் நம் இடத்தைப் பார்க்க வேண்டும்.

சுற்றுச்சுவர் உள்ள வீடு, அந்நியர் வருகை குறைவு, நாயைக் கண்டித்துப் பழக்க ஆள் உண்டு என்றால் இராஜபாளையம்.

ஊருக்கு வெளியே தோட்டம், வேலி உண்டு, காலை மாலை ஓடவிட ஆள் உண்டு என்றால் சிப்பிப்பாறை.

நாள் முழுதும் ஆள் புழங்கும் கடை, கிட்டங்கி என்றால் இரண்டும் வேண்டாம். நல்ல பூட்டும் ஒரு காவலாளியும் போதும்.

குட்டி வாங்குவதிலும் வியாபாரியின் கண் வேண்டும். குத்தூசி போட்டுப் பார்க்காமல் மல்லி மூட்டை வாங்குவோமா? தாய் நாயைக் கண்ணால் பார்க்காமல் குட்டி வாங்காதீர்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியைப் பிரிக்காதீர்கள். இராஜபாளையத்தில் வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சில குட்டிகளுக்கு வரும். குட்டியைத் தனியே நிறுத்தி, அது பார்க்காதபோது பின்னாலிருந்து தகரத்தைத் தட்டிப் பாருங்கள். மற்ற குட்டிகளோடு இருக்கும்போது தட்டினால், அவை திரும்புவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் திரும்பிவிடும், நாம் ஏமாந்துவிடுவோம்.

நம் தொழிலுக்கே உரிய எச்சரிக்கைகள் சில உண்டு. கிட்டங்கியில் வண்டுக்கு மருந்து வைத்து மூடும் நாட்களில் நாயை அந்தப் பக்கமே விடக்கூடாது. அந்த வாயு மனிதரையும் கொல்லும். எலி மருந்து வைத்த இடத்திலும் அப்படியே. எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும்; நாய்க்கு அதற்குத் தடுப்பூசி உண்டு. உலர் திராட்சையும் வெங்காயமும் சாக்லேட்டும் நாய்க்கு விஷம். கடையில் சிந்தியதைத் தின்னட்டும் என்று விடாதீர்கள்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மூன்றாம் மாதத்தில் தொடங்கி, கால்நடை மருத்துவர் சொல்லும் கணக்கில் தவறாமல் போட வேண்டும். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு வைத்துக் கட்டுவது ஆபத்து. நோய் முற்றி அறிகுறி தெரிந்த பின் பிழைப்பது மிக அரிது.

நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டு நம்மோடு வாழும் உயிர். சரக்கு பிடிக்கவில்லையென்றால் திருப்பி அனுப்பலாம்; நம்பி வந்த உயிரைத் திருப்பி அனுப்ப முடியாது. ஆகவே ஊர் மெச்ச வேண்டும் என்று வாங்காமல், நம் வீட்டுக்குப் பொருந்துமா என்று பார்த்து வாங்குங்கள். நான் இழந்ததை நீங்களும் இழக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.