கூட இருந்தே குழி பறிக்கும் சர்க்கரை வியாதி

சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் இறந்துபோனால் ஊரார் என்ன சொல்கிறார்கள்? "மாரடைப்பில் போய்விட்டார்" என்கிறார்கள். "நிமோனியா காய்ச்சல் வந்தது, பிழைக்கவில்லை" என்கிறார்கள். "சிறுநீரகம் கெட்டுவிட்டதாம்" என்கிறார்கள். சர்க்கரையின் பேரை யாரும் எடுப்பதில்லை.

ஆனால், பல சமயம் அந்த நோய்களிடம் மனிதனைப் பிடித்துக் கொடுப்பது சர்க்கரைதான்!

முதல் ஊசி

ஒரு காலத்தில் இந்த வியாதியே நேராக உயிரைக் குடித்தது. சிறுவர்களுக்கு வந்தால் பிழைப்பது அரிது. 1921-ல் கனடா நாட்டின் டொரன்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்ப்சன் என்ற சிறுவனுக்கு அந்த ஊசி போடப்பட்டது. சாகக் கிடந்த பையன் எழுந்து உட்கார்ந்தான். அதன் பிறகு 13 ஆண்டுகள் வாழ்ந்தான். 1935-ல் அவனைக் கொண்டுபோனது நிமோனியா!

ஆறு ஆண்டுகள் நஷ்டம்

2011-ல் ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. 8 லட்சத்து 20 ஆயிரம் பேருடைய விவரங்களை அதில் அலசினார்கள். 50 வயதில் சர்க்கரை வியாதி உள்ளவர், அது இல்லாதவரைவிடச் சராசரியாக 6 ஆண்டுகள் முன்பே இறக்கிறார் என்று தெரிந்தது.

இருதய நோயாலும் ரத்தக்குழாய் நோயாலும் சாகும் அபாயம் அவருக்கு இரண்டு மடங்குக்கும் மேல். புற்றுநோயால் சாகும் அபாயம்கூடக் கால் பங்கு அதிகம்.

காரணம் என்ன?

ரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரை, ரத்தக்குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கிறது. இருதயம், மூளை, சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் ரத்தம் போவது தடைப்படுகிறது. கிருமிகளோடு போராடும் வெள்ளை அணுக்களும் வலுவிழக்கின்றன. ஆகவே சாதாரணக் காய்ச்சலும் முற்றிவிடுகிறது.

நரம்புகளும் மரத்துப் போகின்றன. காலில் முள் குத்தினாலும் தெரிவதில்லை. சிலருக்கு மாரடைப்பு வந்தால்கூட நெஞ்சு வலிப்பதில்லை! மூச்சுத் திணறல், வியர்வை, அசதி மட்டுமே இருக்கும். "வாயுவாக இருக்கும்" என்று சும்மா இருந்துவிடுகிறார்கள்.

காசநோயும் சர்க்கரையும்

நம் நாட்டுக்கு இன்னொரு கவலையும் உண்டு. உலகிலேயே அதிகமான காசநோயாளிகள் இருப்பது இந்தியாவில்தான். சர்க்கரை வியாதி உள்ளவர்களோ 10 கோடிப் பேர் என்று 2023-ல் வெளியான கணக்கு சொல்கிறது. சர்க்கரை இருந்தால் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. சிகிச்சையின்போது மரணமடையும் அபாயமும் ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே, காசநோய் உள்ள ஒவ்வொருவரும் சர்க்கரைப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும்.

பயம் வேண்டாம்

இழந்த ஆண்டுகளைத் திரும்பப் பெற முடியுமா? முடியும்! டென்மார்க் நாட்டில் 160 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பிரிவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் சேர்த்துக் கண்டிப்பான சிகிச்சை. சாப்பாடு, உடற்பயிற்சி, புகையை விடுவது எல்லாம் அதில் அடக்கம். எட்டு ஆண்டுகள் இப்படி நடந்தது. 21 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, இந்தப் பிரிவினர் ஏறக்குறைய 8 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள்!

நீங்கள் செய்ய வேண்டியது

எந்த நோய்க்காக டாக்டரிடம் போனாலும், "எனக்குச் சர்க்கரை உண்டு" என்று முதலில் சொல்லுங்கள்.

காய்ச்சல் வந்தால் சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தினமும் இரவில் பாதங்களைப் பாருங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறையாவது கண்ணையும் சிறுநீரையும் பரிசோதியுங்கள். ரத்த அழுத்தத்தை அடிக்கடி பாருங்கள்.

பீடி, சிகரெட், புகையிலையை இன்றே விடுங்கள்.

திடீரென்று மூச்சுத் திணறி வியர்த்துக் கொட்டினால், நெஞ்சு வலிக்காவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.