பெரிய பிரேக்கும் நீண்ட இறக்கமும்

கோடை விடுமுறை வந்துவிட்டால், மும்பை, புனே, பெங்களூர் முதலிய நகரங்களில் குடியேறி வாழும் நம்மவர் பலர் சொந்தக் காரிலேயே ஊர் வந்து சேர்கின்றனர். அவ்வழியில், தருமபுரியைக் கடந்து சேலம் நோக்கிச் சாலை இறங்கும் தொப்பூர்க் கணவாயை அறியாதார் இலர். விபத்துகளுக்குப் பேர்போன அவ்விறக்கத்தில், லாரிகளின் பின்னே பிரேக்கை மிதித்தபடியே இறங்கி, கருகிய நாற்றத்தை முகர்ந்தவர்களும் உண்டு. அத்தகையோருக்கு, குறிப்பாக வண்டியைத் தாமே பழுதுபார்க்கும் பழக்கமுடையோருக்கு, முன்சக்கர பிரேக்கைப் பெரியதாக மாற்றினால் என்ன என்ற எண்ணம் எழுதல் இயல்பே. அதனால் பெறுவது யாது, இழப்பது யாது என்பதை ஆராய்வோம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் வேண்டும். பெரிய பிரேக் பூட்டினால் வண்டி குறைந்த தூரத்தில் நின்றுவிடும் என்பர். அது சரியன்று. வண்டியை இறுதியில் நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பே. இப்போதுள்ள பிரேக் ஓங்கி மிதித்ததும் சக்கரத்தைப் பூட்டிவிடக் கூடியதாயின், அதனினும் பெரிய பிரேக் அந்த ஒரு மிதியில் அதிகமாகச் செய்யக்கூடியது ஏதுமில்லை. நல்ல டயர் வாங்குவதே அதற்கு வழி.

பின் பெரிய பிரேக்கின் பயன்தான் யாது? வெப்பம் தாங்குதல். 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதனிடம் சுமார் 386 கிலோஜூல் ஆற்றல் உள்ளது. நிறுத்தும்போது இதன் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிறது. இனி, தில்லியில் வாழ்வோர் நன்கறிந்த முசௌரியை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து தேராதூன் வருவதற்குள் அதே கார் சுமார் 1,350 மீட்டர் உயரம் இறங்குகிறது. அப்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 13,200 கிலோஜூல். அதாவது, நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து 34 முறை நிறுத்துவதற்கு ஈடானது! என்ஜினின் இழுப்பும் காற்றின் தடையும் இதில் ஒரு பங்கை ஏற்கும். குறைந்த கியரில் இறங்குவோருக்கு அப்பங்கு பெரிது. நியூட்ரலில் இறங்குவோருக்கு என்ஜினின் உதவி அறவே இல்லை. எஞ்சியதை பிரேக் வட்டுகளும் கட்டைகளுமே சுமக்கின்றன. அவை அளவுக்கு மீறிச் சூடேறினால் கட்டையின் உராய்வு குன்றும். பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகும். மிதி பலகையைத் தொட்டும் வண்டி நில்லாது. கனத்த பெரிய வட்டு அதே வெப்பத்தை ஏற்றும் அவ்வளவு சூடாவதில்லை.

வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்போம். மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்னும் ஜப்பானியச் சிறு கார் 1989-இல் வெளிவந்தது. 1.6 லிட்டர் என்ஜின் கொண்ட அதன் முன்வட்டின் விட்டம் 235 மில்லிமீட்டர். பின்னர் 1.8 லிட்டர் என்ஜின் வந்தபோது அது 255 ஆயிற்று. பழைய வண்டி வைத்திருப்போர், இளையதன் வட்டையும் கேலிபர் தாங்கியையும் கட்டைகளையும் வாங்கித் தம் வீட்டுக் கொட்டகையிலேயே பூட்டிக்கொள்வர். உராயும் இடம் அச்சிலிருந்து விலகுவதால், அதே மிதிக்கு நிறுத்தும் திருப்புவிசை சுமார் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. ஆனால் தயாரிப்பாளர் முன்புறத்தோடு நிற்கவில்லை. பின்வட்டையும் 231-லிருந்து 251-ஆக உயர்த்தினர். முன்புறத்தை மட்டும் மிகவும் வலுப்படுத்தினால் முன்சக்கரம் முந்திப் பூட்டிக்கொள்ளும். பின்டயரின் பிடிப்பு வீணாகும். நிற்கும் தூரம் நீளவும் கூடும்.

கேலிபரின் பிஸ்டனையும் பெரிதாக்குவோர் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். 51 மில்லிமீட்டர் பிஸ்டன் 54 ஆனால் அதன் பரப்பு 12 விழுக்காடு கூடும். அதை நகர்த்த வேண்டிய ஆயிலும் அவ்வளவு கூடும். மாஸ்டர் சிலிண்டர் பழையதாயின் மிதி ஆழமாக இறங்கும். இனி ஸ்டெப்னி! நான்கு சக்கரங்களும் பெரிய கேலிபருக்கு இடம் தருகின்றனவா என்று பார்த்தவர் ஐந்தாவதை மறந்துவிடுவர். நள்ளிரவில் முன்டயர் பஞ்சராகி, சிறிய ஸ்டெப்னி கேலிபரில் முட்டும்போதுதான் அது நினைவுக்கு வரும்.

சட்டமும் குறுக்கிடுகிறது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. அனுமதியற்ற மாற்றத்துக்குத் தண்டனையை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் கடுமையாக்கியது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தையும் காப்பீட்டாரையும் முன்னரே கேட்டுக்கொள்வது நன்று.

ஆண்டுக்கொருமுறை ஊர் வந்து திரும்புவோருக்கு இம்மாற்றம் தேவையில்லை என்பதே நம் கருத்து. புதிய பிரேக் ஆயிலும் இரண்டாம் கியரும் அவர்களுக்குப் போதும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது. டாட் 4 வகை புதிதாயிருக்கையில் குறைந்தது 230 பாகையில் கொதிப்பது, ஈரமேறியபின் 155 பாகைக்கே இறங்கிவிடலாம்.

எனினும் மலைப்பாதையில் அடிக்கடி நிறைபாரத்துடன் செல்வோர் இவ்வேலையில் இறங்கினால், சில செய்திகளை அறிதல் நலம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியருகே அமரலாகாது, தாங்கிகள் வேண்டும். கழற்றிய கேலிபரை ரப்பர்க் குழாயில் தொங்கவிடாது கம்பியால் கட்டுக. வட்டு அமரும் முகத்திலுள்ள துருவைத் தேய்த்தெடுக்காவிடில் வட்டு கோணி, மிதி துடிக்கும். நாம் ஒருமுறை இடக் கேலிபரை வலப்புறமும் வலத்தை இடப்புறமும் பூட்டிவிட்டு, காற்று எடுக்க ஒரு பகல் முழுதும் மிதித்து ஓய்ந்தோம். காற்றுப்போக்கும் திருகு மேலே இராமல் கீழே இருந்தது. காற்றோ மேலேயே தங்கிவிட்டது. மாலையில் அண்டைவீட்டுச் சிறுவன் ஒருவன்தான், "ரெண்டு பக்கமும் திருகு கீழே பார்க்குதே, மாமா" என்றான்!

வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்துமுன் மிதி கெட்டிப்படும்வரை பலமுறை மிதிக்க வேண்டும்; முதல் மிதி வெறுமையாகவே இறங்கும். பின்னர் ஆளற்ற சமதளச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை, முழுதும் நிறுத்தாமல், பத்து முறை தணித்துக் கட்டையையும் வட்டையும் ஒன்றோடொன்று இணங்கச் செய்து, ஆறவிட்டு, திருகுகள் அனைத்தையும் மீண்டும் முடுக்கிப் பார்த்த பின்னரே குடும்பத்தாரை ஏற்றிக்கொள்ளலாம்.