பழசா, புதுசா?

அமெரிக்காவில் வீட்டிலேயே ஈயக் குண்டு வார்க்கும் துப்பாக்கிப் பிரியர்களிடையே தீராத விவாதம் இது. வார்த்த குண்டுக்கு மெழுகேற்றி, அளவாக அழுத்தித் தரும் கருவியைப் புதிதாக வாங்குவதா, பழையதா?

பழைய லைமன் 450 கிடைத்தால் யோசிக்கத் தேவையில்லை. கனத்த இரும்பு, எளிதில் தேயாது. ஆர்.சி.பி.எஸ். அச்சுகளும் அதில் பொருந்தும். (சேக்கோவில் இந்தச் சௌகரியம் கிடையாது.) உள்ளே இறுகிப்போன பழைய மெழுகு? சூடாக்கினால் வெளியேறிவிடும்.

வில்லங்கம் அச்சில்தான். 0.358 அங்குலம் என்று பொறித்திருப்பதை நம்பக் கூடாது. முன்பு வைத்திருந்தவர் தேய்த்து அகலமாக்கியிருக்கலாம். ஒரு குண்டை அழுத்தி மைக்ரோமீட்டரில் அளந்துவிட வேண்டும். குழலைவிடக் குண்டு சிறுத்தால் இடுக்கில் வாயு பீறிடும், குழலெங்கும் ஈயம் அப்பிக்கொள்ளும், குறியும் தப்பும்.

தனக்கு உதவாத அச்சுகளோடு மலிவாக வாங்கியவர், புது அச்சுக்கும் மேல் அழுத்திக்கும் தனியாகப் பணம் எடுத்துவைக்க வேண்டியதுதான்.