கொழும்பு நேரமும் கணிப்பொறியும்

தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குச் சரக்குப் பெட்டிகள் ஏற்றிச் சென்ற கப்பலொன்றின் பழைய பத்திரத்தில் "03/04/2000, 10:00" என்று எழுதியிருந்தால், அது ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா என்பதை எந்த யந்திரமும் தானாக நிச்சயிக்க இயலாது. ஆகையினால்தான் பைத்தான் மொழியின் அடிப்படை நூலகத்திலுள்ள ஸ்ட்ரிப்டைம், முதலில் நிற்பது நாளா மாதமா என்பதை நாமே சொல்லித் தர வேண்டுமென்று நிர்ப்பந்திக்கிறது. அந்த நிர்ப்பந்தம் மிகவும் நியாயமானது.

நேரத்தின் சங்கதி இன்னும் நுட்பமானது. வ. உ. சிதம்பரனார் இவ்விரு துறைகளுக்குமிடையே சுதேசிக் கப்பல் விட முற்பட்ட 1906-ஆம் வருஷத்திலேயே இந்தியாவும் இலங்கையும் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்திய நேரத்தை அனுஷ்டிக்கத் தொடங்கின. யுத்தகாலத்து மாறுதல்களை விட்டுவிட்டாலும், இலங்கை 1996 மே மாதத்தில் தன் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, அக்டோபரில் அரைமணி பின்னுக்கிழுத்து, 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பிற்று. ஆகவே அப்பத்திரத்தின் பத்து மணி கொழும்பு நேரமானால், தூத்துக்குடியில் அது ஒன்பதரை. 'ஆசியா/கொழும்பு' என்று பெயர் கொடுத்தால், 2020-இல் பைத்தான் 3.9-உடன் வந்த ஸோன்இன்ஃபோ, இம்மாறுதல்களைப் பதிந்துவைத்த நேர மண்டல அட்டவணையைப் பார்த்து அந்த அரைமணியைக் கழித்துக் காட்டும். வெறுமனே '+5:30' என்று எழுதிக் கொடுத்தவருக்கோ பிழையான விடையே கிடைக்கும், எச்சரிக்கை ஒன்றும் வராது.