காப்பி அடித்த கார்டு!

கம்ப்யூட்டருக்கும் பரீட்சை உண்டு தெரியுமா, குட்டீஸ்?

போன கோடை விடுமுறையில், என் பேரன் தன் கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கி வந்தான். விளையாட்டில் வரும் கார், மரம், மழை எல்லாவற்றையும் வரைந்து, திரைக்கு அனுப்பும் ஓவியர் தான் இந்த கார்டு. சினிமாவுக்கு நொடிக்கு 24 படங்கள் போதும். கம்ப்யூட்டர் விளையாட்டில் 60 வந்தால் தான் திக்காமல் ஓடும்.

பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் மூடியைக் கழற்றினான். கார்டை எடுக்கும் முன், பெட்டியின் இரும்புச் சட்டத்தை ஒரு முறை தொட்டான். நம் உடம்பில் தேங்கும் நிலை மின்சாரம், சிப்பைக் கெடுத்து விடுமாம். அதை இறக்கி விடத் தான்! நீளமான ஸ்லாட்டில் கார்டை வைத்து அழுத்தியதும், 'க்ளிக்' என உட்கார்ந்தது. ஸ்க்ரூ, பவர் ஒயர், டிரைவர் மென்பொருள் எல்லாம் ஆயிற்று.

அடுத்தது, 'பெஞ்ச்மார்க்' என்ற பரீட்சை. எல்லா கார்டுக்கும் ஒரே காட்சியைக் கொடுத்து வரையச் சொல்லி, வேகத்துக்கு மார்க் போடும் மென்பொருள் இது. பேரன் முகம் தொங்கிப் போனது. பழைய மார்க்கே வந்திருந்தது! பார்த்தால், மானிட்டர் ஒயரைப் புது கார்டில் செருகாமல், பழைய இடத்திலேயே விட்டிருக்கிறான். மாற்றியதும், மார்க் எகிறியது.

ஆனால், மார்க்கை அப்படியே நம்பலாமா? 30 ஆண்டுகளுக்கு மேல் விடைத்தாள் திருத்திய எனக்கு, சந்தேகம் வரத் தானே செய்யும்!

பின்லாந்தின், 'பியூச்சர்மார்க்' நிறுவனம், 2003ல், '3டிமார்க்03' என்ற பரீட்சையை வெளியிட்டது. அதில் கேமரா எப்போதும் ஒரே பாதையில் தான் போகும். அமெரிக்காவின், 'என்விடியா' நிறுவன டிரைவர், கேமரா பார்க்காத இடங்களை வரையாமலே விட்டு விட்டது. வேலை குறைந்தது, மார்க் கூடியது. வினாத்தாளை முன்பே பார்த்து விட்டு, அந்தக் கேள்விகளை மட்டும் படிப்பது போல!

எப்படி மாட்டியது? சோதனையாளர்களுக்குக் கொடுத்த பதிப்பில், கேமராவை இஷ்டப்படி திருப்பலாம். திருப்பியதும், காட்சி அரைகுறையாகப் பல்லிளித்தது! அந்த மே மாதம் பரீட்சையைச் சற்று மாற்றியதும், 'ஜிபோர்ஸ் எப்.எக்ஸ்., 5900 அல்ட்ரா' கார்டின் மார்க், 24 சதவீதம் சரிந்தது. போட்டி நிறுவனமான கனடாவின், 'ஏ.டி.ஐ.,' கார்டுக்கும், 2 சதவீதம் போல குறைந்தது. அந்த நிறுவனம், தான் செய்த மாற்றத்தை ஒப்புக்கொண்டு, அடுத்த டிரைவரில் நீக்குவதாகச் சொன்னது.

ஜூன் மாதம், 'இது ஏமாற்று அல்ல' என, பியூச்சர்மார்க்கும், என்விடியாவும் சேர்ந்து அறிவித்தன. என் வகுப்பாக இருந்தால், இந்த விளக்கத்தை ஏற்றிருக்க மாட்டேன்!

இந்தக் கதையைக் கேட்டதில் இருந்து, பேரன் தான் ஆடும் கார் பந்தயத்தையே மூன்று முறை ஓட்டிப் பார்த்து, நொடிக்கு எத்தனை படம் என நோட்டில் குறிக்கிறான். மூன்றாவது முறை கொஞ்சம் குறைகிறது. 'கார்டு சூடாயிடுச்சு தாத்தா' என்கிறான்.