ரயிலடி முதல் மலையடி வரை

சென்ற ஆண்டு கல்லூரி மாணவர் ஒருவரிடம், "தம்பி, மலை ஏறியதுண்டா?" என்று கேட்டேன். "எங்கள் வீட்டில் கார் இல்லையே, ஐயா" என்று விடை வந்தது. என் கேள்விக்கும் அவர் விடைக்கும் தொடர்பே இல்லை என்று நீங்கள் எண்ணலாம். அவர் மனத்திலோ அத்தொடர்பு உறுதியாகவே இருந்தது. மலையும் ஏரியும் காடும் சொந்த வண்டி உடையவர்க்கே உரியவை என்னும் நினைப்பு நம் இளைஞரிடையே வேரூன்றி வருகிறது. செங்கற்பட்டுப் பக்கத்தைப் பொறுத்தவரை இது முழுப் பிழை. அப்படிச் சொல்வதற்குரிய காரணங்களை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ஆம் ஆண்டிலேயே மின்சார வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. இன்று அது செங்கற்பட்டு வரை ஓடுகிறது. மாணவர்க்குச் சலுகைக் கட்டணத்தில் மாதச் சீட்டும் உண்டு. ஏறியதும் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டுச் சாளரத்தின் அருகே அமருங்கள். பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்நாட்டில் கற்கால மனிதனைப் பற்றிய ஆராய்ச்சி அந்த ஒற்றைக் கல்லிலிருந்து தொடங்கியது. நாள்தோறும் அவ்வழியே கல்லூரிக்குச் செல்லும் ஆயிரக்கணக்கானவருள் எத்தனை பேர் இதை அறிவர்! சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கினால் நடக்கும் தூரத்தில் ஒரு குடைவரைக் கோயில் இருக்கிறது. பாறையைக் குடைந்த கோயிலாதலால், பெருமாளை வலம் வர விரும்புவோர் அக்குன்றையே சுற்றி வரவேண்டும். பரனூரைக் கடந்ததும் கொளவாய் ஏரியின் கரையோரமாகவே வண்டி செல்கிறது. ஏரியின் காற்று முகத்தில் வீசும்போது செங்கற்பட்டு வந்துவிட்டது என்று அறியலாம்.

அங்கிருந்து திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் பஸ் இருக்கிறது. இது புதிய வழியன்று. செங்கற்பட்டு வரை ரயில், அப்பால் மாட்டுவண்டி அல்லது ஜட்கா என்று நூறாண்டுக்கு முந்திய பிரயாணிகளும் இவ்வழியிலேயே சென்றார்கள். இடையில் வல்லத்துக் குன்றிலும் பல்லவர் காலக் குடைவரைகள் உள்ளன.

திருக்கழுக்குன்றத்து மலைக்கு 500-க்கு மேற்பட்ட படிகள். காலை எட்டு மணிக்குள் ஏறத் தொடங்கிவிட வேண்டும். வெயிலேறிய கருங்கல் காலைச் சுட்டுவிடும். மலையின் பக்கங்களில் காரையும் களாவும் போன்ற முட்புதர்களைக் காணலாம். உயர்ந்த மரங்கள் இல்லையே என்று ஏமாற வேண்டா. இக்கடற்கரைச் சமவெளிக்கு இயல்பான புதர்க்காடு இதுவே. மலைமேல் வேதகிரீசுவரர் கோயில் உள்ளது. சற்றுக் கீழே பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபத்தில், 17-ஆம் நூற்றாண்டில் வந்த டச்சுக்காரர்கள் தம் பெயர்களைச் செதுக்கிப் போயிருக்கிறார்கள். கோயிற் சுவரில் பெயர் எழுதும் வழக்கத்தை நாம் மட்டுமே கண்டுபிடிக்கவில்லை போலும்!

இவ்வூருக்குப் பட்சிதீர்த்தம் என்றும் பெயர். நண்பகலில் இரண்டு பறவைகள் பாறை மேல் வந்திறங்கி, பண்டாரத்தின் கையிலிருந்து சர்க்கரைப் பொங்கலை உண்டு செல்லும். காசியிலிருந்து வருகின்றன என்பது ஊரார் நம்பிக்கை. சிறுவனாக என் பாட்டனாருடன் பஸ்ஸில் வந்து நானும் பார்த்திருக்கிறேன். கழுகு என்று நாம் வணங்கிய அவை உண்மையில் மஞ்சள்முகப் பாறு என்னும் இனத்தவை. வெண்ணிற உடலும் மஞ்சள் முகமும் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. 1990-களின் பிற்பகுதியிலிருந்து அவை வருவதில்லை. அந்தப் பத்தாண்டில்தான் இந்தியா முழுவதும் பாறுகள் மளமளவென்று மடிந்தன. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோபினாக் என்னும் வலி மருந்து, இறந்த மாட்டின் உடலிலிருந்து அவற்றைத் தின்ற பறவைகளின் உடலில் ஏறி அவற்றைக் கொன்றது. 2006-இல் கால்நடை மருத்துவத்தில் அம்மருந்து தடை செய்யப்பட்டது. பாறையோ இன்றும் வெறுமையாகவே இருக்கிறது.

மலையிறங்கிக் கிழக்கே பஸ் ஏறினால் மாமல்லபுரம். ஒரு காலத்தில் சென்னையிலிருந்து பக்கிங்காம் கால்வாயில் இரவெல்லாம் படகில் வந்து, விடியலில் இறங்கி நடந்து ஊருக்குள் வருவார்களாம். அர்ச்சுனன் தபசு பார்த்த கையோடு திரும்பிவிடாமல், அதன் பின்னுள்ள குன்றின் மேல் கலங்கரை விளக்கம் வரை நடந்து பாருங்கள். ஒருபுறம் கடல், மறுபுறம் கால்வாய். வடக்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டரில் சாளுவன்குப்பம் இருக்கிறது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை மணலை வாரிச் சென்றபின், அங்கே பழைய முருகன் கோயில் ஒன்று அகழ்ந்து எடுக்கப்பட்டது. கடலோரமாகவே நடந்து போய், சாலைக்கு வந்து பஸ் பிடிக்கலாம்.

மறுபடி செங்கற்பட்டுக்கு வருவோம். அங்கிருந்து தெற்கே செல்லும் வழி, வேடந்தாங்கல் வழி, அவ்வளவு எளிதன்று. அதை நான் அனுபவித்தே அறிந்தேன். கல்லூரி நாளில் மூன்று தோழர்களுடன் மார்கழியில் அங்கே சென்றேன். நீர்க்கடம்பின் கிளைகளில் நத்தைகுத்தி நாரையும் துடுப்புவாயனும் நீர்க்காகமும் அடைந்திருந்ததில் நேரம் போனதே தெரியவில்லை. நிறுத்தத்துக்கு வந்தால், மாலை பஸ் போய்விட்டது, அடுத்தது வரவேயில்லை. படாளத்துக்கு 10, 12 கிலோமீட்டர். நடந்தோம். அந்த நடையிலேதான் வேடந்தாங்கல் எனக்கு விளங்கிற்று. இருமருங்கும் வயல், வரிசை வரிசையாக நாரைகள் ஏரியை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தன. மடை திருப்பிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களை நிறுத்தி, "தம்பிகளா, அதுங்க எச்சம் கலந்த தண்ணி பாஞ்சா எருவே வேண்டாம்" என்றார். இந்த உண்மையை அவ்வூரார் வெகுநாளாக அறிவர். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் முறையிட்டார்கள். 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் ஏரிப் பறவைகளுக்குக் காப்பளித்தார். 1858-இல் அவ்வாணை புதுப்பிக்கப்பட்டது. சரணாலயம் என்னும் சொல் நம் சட்டங்களில் ஏறுமுன்பே நடந்தது இது.

1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்துக்குச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். 2020-இல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் முயற்சி எழுந்தபோது பலத்த எதிர்ப்புக் கிளம்பியது. காரில் ஏரிக்கரை வரை வந்து, கோபுரத்தின் மேலேறிப் பார்த்துத் திரும்புகிறவருக்கு ஏரி மட்டுமே தெரியும். 5 கிலோமீட்டர் எதற்கு என்றுகூட அவருக்குத் தோன்றலாம். நாங்கள் நடந்த வயல்கள் அந்த எல்லைக்குள் அடங்கியவை. பறவைகள் உறங்குவதும் குஞ்சு பொரிப்பதும் ஏரியில். இரை தேடுவது அவ்வயல்களில். இதைக் கண்ணால் கண்ட மாணவர் ஒருவர் இருந்தால், அவரிடம் எல்லையைக் குறைப்பதைப் பற்றி வாதம் செய்வது எளிதாக இராது.

ஆகையால் போய்வாருங்கள். சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. கல்லூரி மாணவியர் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். தனியே செல்லாமல் மூவர் நால்வராகச் செல்லுங்கள். குடிநீரும் கட்டுச்சோறும் கையில் இருக்கட்டும். முக்கியமாக, பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே, திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் டீக்கடைக்காரரிடமும் ஒருமுறை கேளுங்கள். இருவர் சொல்லும் நேரமும் வேறுபட்டால், டீக்கடைக்காரர் சொல்வதையே நம்புங்கள்.