எஃகுக்குச் சவால் விடும் சிலந்தி நூல்!

வீட்டு மூலையில் சிலந்தி வலை கட்டியிருக்கிறது. ஒட்டடைக் கம்பை எடுத்து ஒரே வீச்சு! வலை போய்விட்டது. அந்த ஒட்டடையில் இருந்த ஓர் இழையைப்போல் செய்யத்தான் மனிதன் 300 ஆண்டுகளாகப் படாத பாடு படுகிறான்.

அப்படி என்ன அதிசயம் அதில்?

சிலந்தி கீழே தொங்கும்போது ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறதே, அதுதான் அதன் நூல்களில் மிகவும் உறுதியானது. நம் தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஆனால் அதே பருமனுள்ள நல்ல எஃகுக் கம்பிக்கு அது இளைத்ததல்ல. எடையோ எஃகில் ஆறில் ஒரு பங்குதான்! 10 அங்குல நூலை இழுத்தால் ஏறக்குறைய 13 அங்குலம் நீண்ட பிறகே அறும். எஃகுக் கம்பி அப்படி நீளாது.

வயிற்றுக்குள் தண்ணீர்!

சிலந்தியின் வயிற்றுக்குள் நூல்கண்டு எதுவும் இல்லை. அங்கே இருப்பது பிசின் போன்ற திரவம். முட்டையிலும் பருப்பிலும் உள்ள புரதச்சத்தின் ஒரு வகைதான் அது.

புரதம் என்பது மணிமாலை மாதிரி. சில சிலந்திகளில் ஒரு மாலைக்கு 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணிகள் இருக்கின்றன. 'அலனின்' என்ற மணிகள் சேர்ந்தாற்போல் வரும் இடங்களில், பக்கத்து மாலைகள் ஒன்றோடொன்று இறுக ஒட்டிக் கல்போல் கெட்டியாகின்றன. அதனால் நூலுக்கு உறுதி. 'கிளைசின்' மணிகள் மிகுந்த இடங்கள் நெகிழ்ந்து சுருண்டு கிடக்கின்றன. இழுத்தால் அவை நீள்கின்றன. கெட்டியும் நெகிழ்வும் மாறி மாறி வருவதுதான் இரகசியம்!

திரவம் மெல்லிய குழாய் வழியாக வரும்போது அதிலுள்ள நீர் உறிஞ்சப்படுகிறது; புளிப்புத்தன்மை ஏறுகிறது. சிலந்தி காலால் இழுக்கிறது. மாலைகள் வரிசைப்பட்டு நூலாகிவிடுகின்றன. நெருப்பும் வேண்டாம், ஆலையும் வேண்டாம்.

காலுறை செய்த பிரபு

1709-ம் ஆண்டு பிரான்சு நாட்டில், மோன்பெலியே நகரத்தில் போன் என்ற பிரமுகர் சிலந்தியின் முட்டைக்கூடுகளைச் சேகரித்து, வேகவைத்து, சிக்கெடுத்து, நூற்றார். அந்த நூலில் காலுறையும் கையுறையும் செய்து காட்டினார். ஊரே வியந்தது. பட்டுப்புழுவை விட்டுவிட்டுச் சிலந்தியை வளர்த்தால் என்ன என்ற பேச்சுக் கிளம்பியது.

ரெயோமூர் என்ற விஞ்ஞானி இதை ஆராய்ந்தார். சிலந்திகளைப் பெட்டிகளில் சேர்த்து வைத்தார். அவை ஒன்றையொன்று பிடித்துத் தின்றுவிட்டன! பிறகு எங்கே பண்ணை வைப்பது?

பத்து லட்சம் சிலந்திகள்

ஆனாலும் ஆசை விடவில்லை. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள மடகாஸ்கர் தீவில், வெளியிடங்களிலிருந்தே சிலந்திகளைப் பிடித்து வந்தார்கள். ஒரு தடவைக்கு 24 சிலந்திகளைக் கைப்பொறியில் பொருத்தி நூலை இழுத்தெடுத்து, பிறகு அவற்றை விட்டுவிட்டார்கள். நான்கு ஆண்டு உழைப்பு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிலந்திகள். கிடைத்தது 11 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள ஒரே துணி! சாயம் எதுவும் போடாமலே தங்க நிறத்தில் மின்னியது. 2009-ல் நியூயார்க் அருங்காட்சியகத்தில் வைத்தபோது மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். அழகுதான், ஆனால் இந்தக் கணக்கில் நெய்தால் யார் வாங்கி உடுத்துவது?

ஆட்டுப் பாலில் நூல்

சிலந்தியே இல்லாமல் நூல் எடுக்க முடியாதா? கனடா நாட்டில் ஒரு நிறுவனம், சிலந்தியின் மரபுக்கூறை ஆட்டுக்கு ஏற்றியது. பார்வைக்குச் சாதாரண ஆடுதான். பாலில் மட்டும் சிலந்திப் புரதம் கலந்து வந்தது! அறுவைச் சிகிச்சையில் காயம் தைக்கும் நூல் செய்யலாம் என்று கனவு கண்டார்கள். புரதம் கிடைத்தது, ஆனால் அதிலிருந்து இழுத்த நூல் சிலந்தி நூலின் உறுதிக்கு எட்டவில்லை. சிலந்தியின் குழாயில் நடக்கும் வேலையை மனிதனின் பொறி அப்படியே செய்ய முடியவில்லை. நிறுவனம் மூடப்பட்டது.

2023-ல் சீன விஞ்ஞானிகள் வேறு வழி கண்டார்கள். சிலந்தியின் மரபுக்கூறைப் பட்டுப்புழுவுக்குள் புகுத்தினார்கள். நூற்கும் வேலையைப் புழுவே செய்தது. குண்டு துளைக்காத சட்டைக்குப் பயன்படும் கெவ்லார் இழையைவிட, அறாமல் தாக்குப்பிடிப்பதில் அந்த நூல் 6 மடங்கு மேல் என்று கண்டார்கள். ரெயோமூருக்கு ஏற்பட்ட தொல்லையும் இவர்களுக்கு இல்லை. பட்டுப்புழுக்கள் ஒன்றையொன்று தின்பதில்லை!